அப்பா லெஃப்ட்

'லீவ்' என்ற ஆங்கில வினையை நடத்தும்போதெல்லாம் என் வகுப்பு சிரிக்கும். லீவ் என்றாலே விடுவதுதானே, பிறகு ஏன் மழைக்கு லீவு 'விடுகிறோம்' என்று கேட்பேன். கிளம்பிப் போவது, ஒன்றை அப்படியே விட்டுவைப்பது, பிள்ளைகளுக்குச் சொத்தை வைத்துவிட்டுப் போவது, எல்லாம் அந்த ஒரே சொல்தான். அதன் இறந்தகாலம் 'லெஃப்ட்'. டப்பாவில் மிச்சமிருக்கும் இட்லிக்கும் அதே லெஃப்ட், இடது பக்கத்துக்கும் அதே லெஃப்ட். அம்பத்தூர்ப் பள்ளி ஒன்றில் பல வருடமாக இதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

அப்பா இறந்த பிறகு அம்மா கள்ளிக்குப்பத்து வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சோறு வைத்தால் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவாள். அப்பாவின் போனை யாரும் தொடவில்லை. யாரும் பயன்படுத்தாததால் சில மாதங்களில் அவர் எண் குடும்ப வாட்ஸப் குரூப்பிலிருந்து தானாகவே விலகியது. என் போனில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: அப்பா லெஃப்ட்.

அம்மா போனை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவளுக்குத் தெரிந்த லெஃப்ட், ஆட்டோக்காரரிடம் வழி சொல்லும் லெஃப்ட் மட்டும்தான்.

"பீச்சாங்கை பக்கமா கீறாரு?" என்று இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள்.

அர்த்தம் அதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அன்று அவள் இரண்டாம் முறை சோறு கேட்டாள். பரீட்சைத் தாளில் ஒரு பிழையையும் விடாத எனக்கு இதைத் திருத்த மனம் வரவில்லை.

அதன்பின் பாயில் இடது பக்கம் இடம் விட்டுப் படுத்தாள். நான் அங்கே உட்காரப் போனால், "தள்ளுடி, அவரு மேல உக்காராத" என்பாள். வெறும் பாய்தான். ஆனாலும் நானும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். என் கால்கள் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஒரு மாலை கரையான்சாவடிக்குத் துணி எடுக்கப் போனோம். அம்மா சாலையின் ஓரத்தை அப்பாவுக்கு விட்டுவிட்டு, வண்டிகள் போகிற பக்கம் நடந்தாள். எதையோ பிடித்திருப்பது மாதிரி அவள் இடது கை மடங்கியிருந்தது. ஷேர் ஆட்டோ ஒன்று அவள் புடவையை உரசிக்கொண்டு போனது.

"சாவுகிராக்கி! ஊட்ல சொல்ட்டு வந்தியா?" என்று டிரைவர் கத்தினார்.

"ஓரமா வாம்மா!" என்று இழுத்தேன்.

"ஓரத்துல ஒங்கப்பா வர்றாரு. அவர தள்ளிவுட சொல்றியா?"

அடுத்த வண்டி உரசலோடு விடாது என்று பயந்தேன். அவள் சிரிப்பு போனாலும் பரவாயில்லை, உயிர் இருந்தால் போதும். ஒரு ஜூஸ் கடை வாசலில் நிறுத்திச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அது பக்கம் இல்ல. லெஃப்ட்னா போயிட்டாருன்னு அர்த்தம். அப்பா போயிட்டாரு. உன் பக்கத்துல யாரும் இல்ல."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மடங்கியிருந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ, இத்தினி நாளா என் கையப் புடிச்சிகினு வந்தது யாருடி?"

கேட்டுவிட்டு, அந்தக் கையை முந்தானையில் அழுத்தி அழுத்தித் துடைக்கத் தொடங்கினாள்.