அட்டையில் இல்லாத வாக்கியம்

போன மாதம் மலாக்காவின் செமாபோக் பகுதியில் ஒரு மண்டபத்தில், மனிதரோடு உரையாடும் இயந்திரங்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சியாளர் பேசினார். முதலில் வந்தவற்றுக்குச் சில வாக்கியங்களை எழுதிக் கொடுத்துவிடுவார்களாம். யார் எதைச் சொன்னாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுமாம். இப்போதுள்ளவை தாமாகவே வாக்கியம் அமைக்கின்றன. இனி வரப்போகிறவை பேசுகிறவரின் தவிப்பையும் புரிந்துகொள்ளும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த முதலில் வந்த வகை இயந்திரமாக இருந்து நானே சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் மலாக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தேன். எதிரே ஓர் அட்டை ஒட்டியிருக்கும். 'நம்பர் ப்ளீஸ்', 'லைன் எங்கேஜ்ட்', 'நோ ரிப்ளை' என்று அதில் உள்ளதைத் தவிர வேறு பேசக் கூடாது. தெரிந்தவர் குரலானாலும் காட்டிக்கொள்ளக் கூடாது. மேற்பார்வை செய்யும் அம்மையார் எப்போது ஒட்டுக்கேட்பார் என்று தெரியாது. வேலை நிரந்தரமாகாத நேரம் வேறு. என் டெலிபோன் குரல் வீட்டுக் குரல் போலவே இல்லை என்று அவர் ஒருமுறை மெச்சியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் எங்கள் காஜா பேராங் பகுதி மளிகைக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் என் பக்கத்து வீட்டு அக்கா. தமிழ் வம்சாவளியில் வந்து வீட்டில் மலாய் பேசும் மலாக்கா செட்டிக் குடும்பம். சண்டை போட்டுக்கொண்டு போன கணவர் சிங்கப்பூரில் கப்பல் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அன்று சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது. போக வேண்டாம் என்று சொல்வதற்காக, அவர் தங்கியிருந்த விடுதிக்கு அக்கா லைன் கேட்டார். அங்கே யாரோ விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"லைன் எங்கேஜ்ட்," என்றேன்.

மூன்றாவது தடவை அழைத்தபோது அழுதுவிட்டார். "தோலோங் லா, ஆடிக்," உதவி செய் தங்கச்சி, என்று மலாயில் கெஞ்சினார்.

சிங்கப்பூர் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண்ணிடம் சொன்னால் போதும், அவள் பேச்சுக்கு நடுவே நுழைந்து தகவலைச் சொல்லிவிடுவாள். எங்களுக்குள் நடப்பதுதான். ஆனால் அட்டையில் அதற்கு வாக்கியம் இல்லை. அம்மையார் என் பின்னால் வந்து நின்றார். "லைன் எங்கேஜ்ட், ப்ளீஸ்," என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

அக்காவின் தவிப்பு எனக்கு அப்போதே நன்றாகப் புரிந்திருந்தது. புரிந்துவிட்டால் உதவி வந்துவிடும் என்று அந்த ஆராய்ச்சியாளர் நம்புகிறார், பாவம். நான் புரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டவள். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே வெறுப்பு வருகிறது.

என் வேலை நிரந்தரமானது. அக்காவின் கணவரிடமிருந்து சில மாதம் கடிதம் வந்து, பிறகு நின்றுவிட்டது. மனிதர் திரும்பவே இல்லை.

அந்த அழைப்பு வந்த அன்று சாயங்காலம் நான் வீடு வந்தபோது அக்கா வேலியோரம் நின்றிருந்தார். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் மலாயில் கேட்டார். "உன் ஆபீஸில் ஒருத்தி இருக்கிறாள். மூன்று தடவை கெஞ்சினேன், ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அவள் யார் என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியாது, அக்கா," என்றேன்.