சிவப்பு வெல்வெட்

படங்களை ஒப்பிட உட்காரும் முன் அண்ணி சாம்பல் நிறச் சுவரையே கொஞ்ச நேரம் வெறித்துப் பார்ப்பார். கூப்பிட்டால், "கண்ணைக் கழுவிக்கறேன், பேசாதே" என்பார். வீட்டின் முன்னறைதான் அவருடைய ஸ்டூடியோ. துணிக்கடைகளின் கேட்டலாக்குக்குப் படம் எடுப்பது அவர் ஆசைப்படும் வேலை. பாஸ்போர்ட் போட்டோ எடுப்பது அன்றாடம் கிடைக்கும் வேலை. "தலையை நிமிர்த்துங்க, நிமிர்த்துங்கன்னு சொல்லியே என் கழுத்து போச்சு."

வேலை நேரத்தில் அவர் உடுத்துவதும் சாம்பல்தான். ஒருநாள் அண்ணன் மஞ்சள் சட்டையோடு எட்டிப் பார்த்தார்.

"உங்க சட்டை நிறம் என் வெள்ளைத் துணிமேல அடிக்குது. வெளிய போங்க."

"கட்டின புருஷனையே விரட்டுறியா?"

"புருஷன் இருக்கட்டும். சட்டை போகட்டும்."

போன வாரம் ஒரு துணி வியாபாரி சிவப்பு வெல்வெட்டும் கறுப்பு வெல்வெட்டும் கொண்டுவந்தார். வேறொருவர் எடுத்த முந்தைய கேட்டலாக்கைப் பார்த்து வாங்கியவர்கள், படத்தில் ஒரு சிவப்பு, கையில் ஒரு சிவப்பு என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "இது ரெண்டும் சரியா வந்தா மொத்த கேட்டலாக்கும் உங்களுக்குத்தாம்மா. இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார்.

அண்ணி இரண்டையும் டிஜிட்டலிலும் எடுத்தார், ஃபிலிமிலும் எடுத்தார். டிஜிட்டலில் கறுப்பு அபாரம். இழை இழையாக எண்ணலாம். ஆனால் சிவப்பு, பெயின்ட் அடித்த பலகை மாதிரி மொழுக்கென்று இருந்தது. வெளிச்சத்தைக் குறைத்தார், மடிப்பு தெரிந்தது, நிறம் செங்கல்லாகிவிட்டது. ஃபிலிமில் அதே சிவப்பு மடிப்பு மடிப்பாக இறங்கி, நிழலிலும் சிவப்பாகவே இருந்தது. கறுப்புதான் புள்ளி புள்ளியாகக் கலங்கி, லேசாகப் பச்சையடித்தது.

"சிவப்பு ஃபிலிம்ல, கறுப்பு டிஜிட்டல்ல" என்றார் அண்ணி.

அண்ணன் தலையில் கை வைத்தார். "புத்தகம் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும். பேசாம எல்லாத்தையும் டிஜிட்டல்ல குடு. சிவப்பைக் கம்ப்யூட்டர்ல சரிபண்ணிக்கலாம்."

"படத்துல விழாத மடிப்பைக் கம்ப்யூட்டர் எங்கேருந்து கொண்டுவரும்? உங்க மாமனார் வீட்லேருந்தா?"

"அங்கேருந்து எனக்கு என்ன வந்திருக்கு, இது வர!"

அண்ணி சிரித்தார், முடிவை மட்டும் மாற்றவில்லை.

நேற்று வியாபாரி வந்தார். கேட்டலாக்குக்கான மற்ற துணிகளையும் பெரிய மூட்டையாகக் கொண்டுவந்து வாசலோரம் இறக்கி வைத்தார். ஜன்னலோர மேசையில் துணிகளை விரித்து, பக்கத்திலேயே படங்களை வைத்திருந்தார் அண்ணி. கறுப்பைப் பார்த்துத் தலையசைத்த வியாபாரி, சிவப்பின் படத்தைக் கையில் எடுத்தார். ஜன்னல் பக்கம் திருப்பி, துணியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் என் கையைக் கிள்ளிக்கொண்டே நின்றார்.

"இது எந்த கேமராம்மா?"

"நீங்க துணியைப் பாருங்க சார். கேமராவை நான் பாத்துக்கறேன்."

வியாபாரி மறுபடி குனிந்தார். கடையில் துணியை விரித்துக் காட்டிப் பழகிய அவருடைய கட்டைவிரல், தன்னையறியாமல், படத்திலிருந்த மடிப்பை நீவிவிடப் பார்த்தது. காகிதத்தில் வழுக்கியது. மறுபடி நீவினார்.

அண்ணி, வாசலோரம் இருந்த அந்த மூட்டையைத் தன் பக்கம் இழுத்து, முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.