ஒன்றரைப் புள்ளி

கேபிள் டிவிக்காரரோடு நான் போட்ட சண்டைகளுக்குக் கணக்கு கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் எங்கள் தெருவுக்கு அந்தக் கறுப்பு ஒயர் வந்த நாளிலிருந்து மாதம் ஒரு சண்டையாவது நடந்திருக்கும். அத்தனையிலும் நியாயம் என் பக்கம்தான் இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன், ஒரே ஒரு சண்டையைத் தவிர. அந்த ஒன்றில்தான் நான் ஜெயித்தேன்.

முதல் நாளே வம்பு ஆரம்பித்தது. ஒயர் இழுக்க வந்த ஆள், முகப்பிலிருந்து உள்ளே நுழையும் தேக்கு நிலையில் வரிசையாக நாலு ஆணி அடித்துவிட்டார். அப்பச்சி, அதாவது என் அப்பா, இருந்திருந்தால் அந்த ஆளை வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "சுவத்துல ஆணி எறங்கலண்ணே, வளையுது. மரந்தான் தோதா இருந்துச்சு" என்றார். அவருக்கு ஆணி இறங்க வேண்டும், அவ்வளவுதான் கவலை.

அடுத்தது விலை. முதலில் மாதம் ஐம்பது ரூபாய் என்றார்கள். ஆறு மாதத்தில் எழுபத்தைந்து ஆனது. புதிதாகப் பத்துச் சேனல் கொடுக்கிறோமே என்றார் கேபிள்காரர். அந்தப் பத்தில் எட்டு எங்களுக்குத் தெரியாத பாஷையில் பேசின. மற்ற இரண்டும் பேசவே இல்லை, படம் மட்டும் ஓடியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த தமிழ்ச் சேனலில் குறுக்கே கோடு விழ ஆரம்பித்தது. ஏன் விலை ஏறியது என்று கேட்டால், "மேலேருந்து ஏத்திட்டாகண்ணே" என்று கையை மேலே காட்டுவார். மேலே அவர் மொட்டை மாடியில் இருந்தது ஒரு பெரிய குடை ஆன்டெனா மட்டும்தான்.

எங்கள் தெருவில் கரண்ட் போனால் டிவி தெரியாது, அது சரி. அடுத்த தெருவில் கரண்ட் போனாலும் எங்களுக்குத் தெரியாது. படத்தை இழுத்துக் கொடுக்கிற பெட்டி அந்தத் தெருக் கம்பத்தில் இருந்தது. போன் செய்தால் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருப்பார்கள். நேரில் போனால் புகார் நோட்டு ஒன்றை நீட்டுவார்கள். அதில் பேனாவை வேறு நூல் போட்டுக் கட்டியிருப்பார்கள், யாரோ திருடிக்கொண்டு போய்விடுகிற மாதிரி. பக்கம் பக்கமாகத் தேதி போட்டு எழுதினேன். ஒரு வருஷம் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது அந்த நோட்டில் என் கையெழுத்தைத் தவிர வேறு கையெழுத்தே இல்லை. நான் வேலை பார்த்தது வங்கியில். எழுதிக் கொடுத்தால் காரியம் நடக்கும் என்று நம்புகிற ஜாதி.

இவ்வளவு பேச்சு பேசியும் கேபிளை வெட்டிவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் ஆத்தா. எங்கள் பக்கத்தில் அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

கேபிள் வருவதற்கு முந்தைய வருஷம் அப்பச்சி தவறிப் போனார். ஆத்தாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அதுவரை எங்கள் சொந்தத்தில் ஆத்தா போகாத கல்யாணம் இல்லை. நாலு நாள் முன்னாலேயே போய் உட்கார்ந்து சாமான் கணக்குப் பார்ப்பதிலிருந்து, பெண்ணுக்குச் சேலை எடுத்து வைப்பது வரை எல்லாம் அவள் கை படாமல் நடக்காது. அப்பச்சி போன பிறகு அதெல்லாம் நின்றுவிட்டது. வராதே என்று யாரும் சொல்லவில்லை. பத்திரிகை வரும். போனால் தாலி கட்டுகிற நேரத்தில் தானாகவே பின்கட்டுக்கு எழுந்து போக வேண்டும், அதற்குப் போகாமலே இருந்துவிடலாம் என்று இருந்துவிட்டாள்.

வீடு பெரியது, ஆள்தான் மூன்று பேர். கல்யாணமான உடனே பையனைத் தனி அடுப்பு வைக்கச் செய்வது எங்கள் வழக்கம். அப்படி ஒரே கூரைக்குள் இந்தப் பக்கம் நானும் என் மனைவியும், நடு முற்றமான வளவின் அந்தப் பக்கம் ஆத்தாவும் இருந்தோம். எங்களுக்கு ஒரு டிவி, அப்பச்சி வாங்கிய பழைய டிவி ஆத்தாவுக்கு.

கேபிள்காரர் சொந்தமாக ஒரு சேனல் வைத்திருந்தார். மதியம் மூன்று மணிக்கு அதில் ஊர்க் கல்யாணக் கேசட்டுகளைப் போடுவார். போட வேறு எதுவும் இல்லாததால் போட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஆத்தாவுக்கு அது பெரிய விஷயம். எந்த வீட்டுப் பெண், கழுத்தில் எத்தனை பவுன் கழுத்துரு, யார் இளைத்துவிட்டார்கள், யாருக்கு முடி கொட்டிவிட்டது என்று சாயங்காலம் எங்களுக்குச் செய்தி வரும். கேமரா மணமேடைக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆத்தா பின்கட்டுக்குப் போக வேண்டியதில்லை. அந்த ஒன்றுக்காக நான் கேபிள்காரரை மனதுக்குள் மன்னித்து வைத்திருந்தேன்.

அப்போதுதான் அந்த மஞ்சள் அட்டை வந்தது.

மறுபடியும் விலை ஏறியிருந்தது. வீட்டுக்கு வீடு புது அட்டை கொடுத்தார்கள், டிவி ஒன்றுக்கு ஒரு அட்டை. மேலே பெரிய எழுத்தில் 'ஒரு புள்ளிக்கு மாதம் ரூ. 100' என்று அச்சடித்திருந்தது. கேபிள்காரர் மானாமதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் 'பாயிண்ட்' என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார். அச்சகத்துக்காரருக்குத் தமிழ்ப் பற்று, பாயிண்டைப் புள்ளியாக்கிவிட்டார். வேறு எந்த ஊராக இருந்தாலும் இதனால் ஒன்றும் ஆகியிருக்காது.

எங்கள் நகரத்தார் வழக்கத்தில் புள்ளி என்பது வேறு. கல்யாணமான ஒருவனும் அவன் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. கோயிலுக்கு வரி கட்டுவது அந்தக் கணக்கில்தான். பையனுக்குக் கல்யாணமானால் வீட்டில் ஒரு புள்ளி கூடும். புருஷன் பெண்டாட்டியில் ஒருவர் போய்விட்டால் மிச்சமிருப்பவர் அரைப்புள்ளி. அப்பச்சி போன அடுத்த வருஷம் வந்த கோயில் ரசீதில் ஆத்தாவுக்கு அரை என்று எழுதியிருந்தது. ஆத்தா அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, பழைய ரசீதுகள் இருக்கும் தகர டப்பாவில் போட்டு மூடினாள். எனக்கு அது அன்றைக்குப் பெரிதாகப் படவில்லை.

முதல் தேதி பணம் வாங்க கேபிள்காரரே வந்தார்.

"ரெண்டு பாயிண்டுண்ணே. எரநூறு."

நான் அட்டையை நீட்டினேன். "இதுல என்ன போட்டிருக்கு, வாசிங்க."

"ஒரு புள்ளிக்கு மாதம் நூறு."

"எங்க வீட்டுல எத்தனை புள்ளி?"

"ரெண்டுண்ணே. இங்குட்டு ஒரு டிவி, அங்குட்டு ஒரு டிவி."

"டிவிய யாரு கேட்டா? புள்ளியக் கேக்குறேன். நானும் என் வீட்டுக்காரியும் ஒரு புள்ளி. எங்க ஆத்தா அரைப்புள்ளி. ஆக ஒண்ணரை. நூத்தம்பதுதான் வரும். நீங்க அச்சடிச்சதுதான இது?"

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் விடவில்லை. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தெரு முழுக்க இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவேன் என்றேன். எங்கள் தெருவில் முக்கால்வாசி நகரத்தார் வீடுகள். நாலு வீடு அரைக் கணக்குக் கேட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "யார்ட்டயும் சொல்லிறாதீகண்ணே" என்று நூற்றைம்பதை வாங்கிக்கொண்டார். என் அட்டையில் ஒன்று என்றும், ஆத்தாவின் அட்டையில் அரை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு ஒரே குஷி. அத்தனை பக்கம் புகார் எழுதியும் கிடைக்காதது ஒரு வார்த்தையில் கிடைத்துவிட்டதே. திரும்பினால், ஆத்தா வளவில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அட்டையை அவளிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

சாப்பிடும்போது என் மனைவிதான் கேட்டாள். "அம்பது ரூவாய்க்கு, அத்தை காதுபட அப்படிப் பேசணுமா?" கணக்கு என்றால் கணக்கு, அதில் என்ன இருக்கிறது என்றேன்.

பத்து நாள் கழித்துக் கேபிள் ஆள் ஒருவர் வந்தார். ஆத்தாவின் டிவிக்குக் கம்பத்திலிருந்து தனியாக வந்த ஒயரைக் கழற்றிச் சுருட்டி எடுத்துக்கொண்டார். எங்கள் ஒயரையே வெட்டி, அதில் ஒரு கிளை ஒட்டி, மேலே கறுப்பு டேப் சுற்றி ஆத்தா பக்கம் இழுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து இரண்டு டிவியிலும் படம் மங்கிவிட்டது. காற்றடித்தால் அதுவும் போகும். அரைப் பணத்துக்குக் கேபிள்காரர் பழி வாங்குகிறார் என்று எனக்குத் தெரியும். புகார் நோட்டில் எழுதினேன்.

அந்த மாதம் ஆத்தாவின் தங்கை மகளுக்கு உள்ளூரிலேயே கல்யாணம். தூக்கி வளர்த்த பிள்ளை என்பதால் ஆத்தா போனாள். போய், திருப்பூட்டு நேரத்தில், அதாவது தாலி ஏறுகிற நேரத்தில், சாமான் அறைக்குள் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். கூப்பிடத் தோன்றியது, கூப்பிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அந்தக் கல்யாணக் கேசட்டைக் கேபிளில் போடப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. கேசட்டை வாங்கி வந்து பார்க்க எங்களிடம் டெக் கிடையாது. தங்கையிடம் போய்ப் போட்டுக் காட்டச் சொல்ல ஆத்தாவுக்கு மனதில்லை. "அதான் டிவியிலயே போடுறாகள்ல" என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் பேச்சில் ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டே இருந்தது.

இரண்டரைக்கே உட்கார்ந்துவிட்டாள். நாங்களும் அவள் அறைக்குப் போய் உட்கார்ந்தோம். படம் மங்கலாகத்தான் இருந்தது, ஆனால் முகம் தெரிந்தது. மாப்பிள்ளை அழைப்பு, சாப்பாட்டுப் பந்தி எல்லாம் ஓடியது. பெண்ணை உட்கார வைத்தார்கள். ஆத்தா கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள்.

படம் போய்விட்டது.

டிவியைத் தட்டினேன். எங்கள் பக்கம் ஓடிப் போய்ப் பார்த்தேன், அதிலும் இல்லை. ஏணி போட்டு ஏறி, டேப் சுற்றிய இடத்தைப் பிடித்து ஆட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டு டிவியிலிருந்து கெட்டிமேளம் தெளிவாகக் கேட்டது. நான் ஏணியிலேயே நின்றுவிட்டேன்.

கீழே இறங்கி வந்தபோது ஆத்தா வெறும் புள்ளியும் கோடுமாக ஓடிக்கொண்டிருந்த டிவியைப் பார்த்தபடி இருந்தாள். "கட்டிட்டாக போலருக்கு" என்று சொல்லிவிட்டு, காப்பி போட எழுந்து போனாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு கேபிள் ஆபீசுக்குப் போனேன். அங்கே நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கத்தினேன். கேபிள்காரர் கத்தவில்லை.

"ஒரு ஒயர்ல ரெண்டு டிவி இழுத்தா அப்படித்தாண்ணே வரும். ஒண்ணரைக்குத்தான காசு குடுக்கீக?"

"எங்க ஆத்தா அரைப்புள்ளிய்யா! அதுக்கு எப்படி முழுசு குடுக்க முடியும்?"

"நானும் அன்னைக்கே கேக்கணும்னு நெனைச்சேன். அரைப்புள்ளின்னா என்னண்ணே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அப்பச்சி இல்லை, அதனால் ஆத்தா அரை. அதைச் சொல்லும்போது என் குரல் தானாகவே இறங்கிவிட்டது. அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "அதுக்கு? ஆச்சி உக்காந்து முழு டிவிதானண்ணே பாக்குறாக?"

மொபெட்டைக் கிளப்பி வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அவரைத்தான் திட்டினேன். திட்டு மனதில் ஒட்டவில்லை.

அடுத்த முதல் தேதி அவர் வந்தபோது நான் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வருவதற்குள் ஆத்தா முகப்புக்குப் போய்விட்டாள். கையில் மஞ்சள் அட்டையும் தன் சுருக்குப் பையிலிருந்து எடுத்த நூறு ரூபாயும் இருந்தன.

"தம்பி, இதுல அரைன்னு இருக்கறத அடிச்சிட்டு ஒண்ணுன்னு போட்டுக் குடுங்க."

"காசு கூட ஆகுமே ஆச்சி."

"ஆகட்டும். முழுசாவே வாங்கிக்கங்க."

நான் குறுக்கே போனேன். "நீங்க இருங்க ஆத்தா, நான் பேசிக்கிறேன். படமே ஒழுங்காத் தெரியல, இதுக்குப் போயி முழுசா..."

ஆத்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"கோயில்ல எழுதுனது ஊரு வழக்கம்ப்பா. அது எல்லாருக்கும் உள்ளது. அவுக எழுதுவாக. இதுல எழுத வச்சது நீயில்ல?"

எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது, கேபிள்காரர் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. அவர் பாட்டுக்குச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அரையைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் ஒன்று என்று போட்டார். தனி ஒயர் இழுக்க நாளைக்கே ஆள் அனுப்புகிறேன் என்றார். ஆள் வர மூன்று வாரம் ஆனது. நான் நோட்டில் எழுதவில்லை.

அவர் போன பிறகு ஆத்தா அந்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்து ஒரு தரம் வாசித்தாள். உள்ளே போய்க் கோயில் ரசீதுகள் இருக்கும் தகர டப்பாவைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மூடினாள்.