துப்பல் கேட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை

போன சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் வைத்து என் மகனின் கையில் ஒரு கண்ணாடிக் கிளாஸை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு இருபத்தொரு வயது. ஆறடி உயரம். முழங்கைக்குக் கீழே மூன்று சிவப்புப் புள்ளிகள். கிளாஸினூடே குனிந்து பார்த்தேன். அழுத்தியதும் புள்ளிகள் வெளிறி மறைந்தன. அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ பைட்," என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, இரக்கப்பட்டுத் தமிழுக்கு மாறினான். "நுளம்பு அம்மா. நுளம்பு."

அவன் பிறந்த நாளிலிருந்து இந்தக் கிளாஸ் வைத்தியம் நடக்கிறது. அவனுடைய சிநேகிதர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள் என்று வீட்டில் ஒரு பகிடி உண்டு. நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் கிளாஸை எடுத்துவைக்கமாட்டேன்.

அன்றைக்கு அந்தக் கிளாஸில் லேசாக வினாகிரி மணத்தது. சலாட்டுக்கு அதில்தான் அளந்து ஊற்றியிருந்தேன். வினாகிரியும் உள்ளியும் சேர்ந்து மணந்தால் போதும், இந்த நாட்டுக்கு வந்து நாங்கள் முதலில் குடியிருந்த மங்கரேக்குப் போய்விடுவேன். நெனிதாவின் குசினிக்கு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரே டிரைவ்வேயில் முதுகோடு முதுகாக ஒட்டிய இரண்டு யூனிட்டுகள். ஒன்றில் நாங்கள், மற்றதில் நெனிதாவும் அவள் புருஷன் ரோடியும். பிலிப்பைன்ஸ்காரர்கள். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்த என் கணவர், அப்போது விமான நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். நான் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையல்கூடத்தில் முள்ளுக்கரண்டியையும் கத்தியையும் கடதாசியில் சுற்றினேன். பக்கத்தில் நின்று சுற்றியவள் நெனிதா. பக்கத்து யூனிட் காலியாகிறது என்று சொல்லி எங்களை அங்கே கொண்டுவந்தவளும் அவள்தான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். அவர்கள் ஊரில் அக்காவை ஆத்தே என்று கூப்பிடுவார்களாம். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

செப்டம்பர் பிறந்தால் அவள் வீட்டில் நத்தார் வந்துவிடும். மூங்கில் சிலாகையில் வண்ணக் கடதாசி ஒட்டிய பெரிய நட்சத்திரம் ஒன்றை ஜன்னலில் தொங்கவிடுவாள், உள்ளே ஒரு பல்ப். "உதைப் பாத்து மூண்டு ராசாக்களும் வழி தவறி மங்கரேக்கு வரப்போகினம்," என்பார் என் கணவர். நாங்களும் கத்தோலிக்கர்தான். ஆனால் எங்கள் யேசு பாலன் டிசம்பர் வரை பொறுமையாக இருப்பார்.

அவர்கள் கோயிலிலிருந்து வயதானவர்கள் யாராவது வந்தால், ரோடி அவர்களின் கையை வாங்கித் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்வான். மூலைக் கடைக்குப் போய் வந்தாலும் எங்களுக்கென்று ஏதாவது வாங்கி வருவான், மூன்று வாழைப்பழமாவது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது தட்டுத் திருப்புகிற பழக்கம். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவர் எழுந்து பயணம் போக நேர்ந்தால், மிச்சப் பேர் தங்கள் தட்டை ஒரு சுற்றுத் திருப்பவேண்டும். போகிறவருக்கு வழியில் ஒன்றும் நேராது. வேலையிடத்து கன்டீனில் யாரையாவது பாதிச் சாப்பாட்டில் கூப்பிட்டு அனுப்பினால், கதையை நிறுத்தாமலே நெனிதாவின் விரல்கள் தட்டைத் திருப்பும்.

அந்தக் குளிர்காலம் நான் ஆறு மாதக் கர்ப்பிணி. அதற்கு முந்தியது மூன்றாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. அதனால் எல்லாவற்றுக்கும் பயம். படியில் பயம், மழையில் பயம், டொக்டரின் அறைக்கு வெளியே ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்க்கவும் பயம். அந்தப் பக்கங்களில் பிள்ளைகளுக்கு மெனின்ஜைட்டிஸ் வந்துகொண்டிருந்த காலம் அது. காய்ச்சலோடு தோலில் புள்ளிகள் வந்தால் கிளாஸால் அழுத்திப் பாருங்கள், மறையாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று படத்தோடு போட்டிருந்தது. பார்க்கக்கூடாது என்று நினைத்து நினைத்தே மனப்பாடமாகிவிட்டது.

நெனிதாவின் மகனுக்கு அப்போது எட்டு மாதம். ஜுன்ஜுன் என்று கூப்பிடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை நானும் நெனிதாவும் வேலையால் வந்து இறங்க, ரோடி அவனைத் தூக்கிக்கொண்டு டிரைவ்வேயில் நின்றான். மடிப்பு மடிப்பாகத் தொடை. நான் கன்னத்தைக் கிள்ளி, என்ன வடிவான குண்டுப் பிள்ளை, எனக்கும் இப்படியே ஒன்று வேண்டும் என்று சொன்னேன். நெனிதா சிரித்தபடி நின்றாள். நான் இன்னும் ஏதோ செய்வேன் என்று காத்திருப்பதுபோல நின்றாள். எனக்கு விளங்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஞாயிறு மத்தியானம், நாங்கள் பூசையால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, கதவைத் தட்டினான் ரோடி. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். அவன் சொன்னது ஆங்கிலத்தில். இத்தனை வருடத்தில் அது என் காதில் தமிழாகிவிட்டது.

"ஜுன்ஜுன்னுக்கு விடியற்காலையிலிருந்து காய்ச்சல். நீங்கள் வெள்ளிக்கிழமை அவனை வடிவு என்று சொன்னீர்கள். கோபிக்கவேண்டாம். உங்கள் துப்பல் கொஞ்சம் வேண்டும்."

அரைக் கோப்பை சீனி கேட்பதுபோலக் கேட்டான். மற்றதையும் தயங்கித் தயங்கிச் சொன்னான். ஒருவர் பிள்ளையைப் புகழ்ந்து அது பிள்ளைக்குப் பட்டுவிட்டால், அவரே வந்து தன் துப்பலை விரலில் தொட்டுப் பிள்ளையின் வயிற்றில் தடவவேண்டும். வெள்ளிக்கிழமையே கேட்டிருக்கலாம். நெனிதாவுக்கு வெட்கமாயிருந்ததாம்.

சாப்பிட்டு முடித்து வருகிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

"என்னப்பா இது, உம்மை நாவூறுக்காரி எண்டு சொல்லிப்போட்டுப் போறான்," என்றார் என் கணவர். "நீர் போகவேண்டாம். வயித்தில பிள்ளையோட, காய்ச்சல்காரப் பிள்ளையைப் போய்த் தொடப்போறீரோ?"

எனக்குக் கோபம்தான். அதைவிடப் பெரிய பயமும் இருந்தது. என் அம்மா, கோயிலில் முன்வரிசை வாங்கில் இருக்கிறவள், வீட்டுக்கு வந்ததும் எங்கள் தலையைச் செத்தல் மிளகாயும் உப்பும் கொண்டு சுற்றி அடுப்பில் போடுவாள். நாவு என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வாய் அந்தப் பிள்ளைக்கு ஏதோ செய்துவிட்டது என்று ஒரு பக்கம் நம்பினேன். நம்பியதாலேயே போகக் கால் வரவில்லை. மிச்சச் சோற்றைச் சாப்பிட்டேன். தட்டுகளைக் கழுவினேன். திங்கட்கிழமைக்குரிய யூனிஃபோர்மை அயர்ன் பண்ணினேன், கொலரை இரண்டு தரம். அரை மணித்தியாலம் போயிருக்கும். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன், மற்றதெல்லாம் சுற்றுவழி.

பிறகு போனேன். அவர்கள் மேசையிலும் சோறு பாதியில் இருந்தது. வினாகிரியில் அவித்த கோழி. பிள்ளை சோபாவில் கிடந்தான். அழவில்லை. அழாமல் கிடந்ததுதான் என்னை முதலில் பயப்படுத்தியது. நெனிதா அவன் சட்டையை நெஞ்சுவரை உயர்த்தினாள். நான் பெருவிரலை நாக்கில் தொட்டு அவன் வயிற்றில் வைத்தேன். வயிறு கொதித்தது. விரலை எடுத்தபோது, அது இருந்த இடத்தில் இரண்டு புள்ளிகள். நாவற்பழக் கறை போல. இடுப்புப் பக்கம் இன்னும் மூன்று.

எழுந்துபோய் மேசையிலிருந்த கிளாஸை எடுத்து, தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்து அழுத்தினேன். கண்ணாடிக்குள்ளே புள்ளிகள் அப்படியே இருந்தன.

"உங்கள் ஊரில் கிளாஸும் வைப்பார்களா?" என்று கேட்டாள் நெனிதா.

ஆஸ்பத்திரி, இப்பவே, என்றேன். அவள் தலையை அசைத்தாள். துப்பல் வைத்தாயிற்று, வேலை செய்யக் கொஞ்சம் நேரம் கொடுக்கவேண்டும், இப்போது குளிரில் வெளியே கொண்டுபோனால் கெட்டுவிடும் என்றாள். போஸ்டரில் இருந்ததைச் சொன்னேன். என் ஆங்கிலம் நடுங்கியது, எனக்கே விளங்கவில்லை. அவள் மெதுவாகச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள். ரோடி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

அப்போதுதான் அதைச் சொன்னேன். அவள் கேட்ட கேள்வியே வழிகாட்டியது.

"ஓம், எங்கட ஊரில கிளாஸும் வைப்பம். வைச்ச உடனே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும், ஆத்தே. இல்லாட்டி அது துப்பல் வைச்ச ஆளின்ரை பிள்ளைக்கு வந்துடும்." என் வயிற்றில் கையை வைத்தேன்.

இதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. எந்த ஊரிலும் இல்லை. சொல்லி முடித்ததும் என் உள்ளங்கைக்குக் கீழே பிள்ளை புரண்டது. வாயை மூடிக்கொண்டேன்.

நெனிதா என் வயிற்றைப் பார்த்தாள். தன் பிள்ளைக்காக எழும்பாதவள் என் பிள்ளைக்காக எழும்பினாள். "போர்வை," என்று ரோடியிடம் சொன்னாள். அவ்வளவுதான்.

அவர்களுடைய கார் ஒரு வாரமாக ஓடவில்லை. நான் எங்கள் கதவில் போய்ப் புள்ளிகள் என்று மட்டும் சொன்னேன். என் கணவர் மறுபேச்சுப் பேசாமல் கார்த் திறப்பை எடுத்தார். வழியில் ஒரு சிவப்பு விளக்கிலும் நிற்கவில்லை என்று பிறகு தெரிந்தது. கார் டிரைவ்வேயைத் தாண்டியதும், நான் திரும்ப நெனிதாவின் வீட்டுக்குள் போனேன். கதவு திறந்தபடியே கிடந்தது. மேசையில் இரண்டு தட்டுகள், ஆறிப்போன சோறு. அவளுடையதைத் திருப்பினேன். அவனுடையதைத் திருப்பினேன். பிறகு எங்கள் வீட்டுக்கு ஓடி, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த இரண்டையும் எடுத்து மேசையில் வைத்துத் திருப்பினேன். வெறும் தட்டைத் திருப்பினால் பலன் உண்டா என்று கேட்க ஆள் இல்லை.

ஜுன்ஜுன் பிழைத்தான். இடது காலில் இரண்டு விரல்கள் போயின. பல நாள் கழித்து வீட்டுக்குத் தூக்கி வந்தபோது, ரோடி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். இந்த வருத்தத்தில் ஒவ்வொரு அரை மணித்தியாலமும் பெறுமதி என்று டொக்டர் சொன்னாராம். உங்களால்தான் நேரத்துக்குப் போனோம் என்றான். நான் நிலத்தைப் பார்த்தேன். அந்தக் கொலர் நினைவுக்கு வந்தது.

அந்த அரை மணித்தியாலத்தையும் சொல்லவில்லை, பொய்யையும் சொல்லவில்லை. என் மகன் பிறந்தபோது முதலில் பார்க்க வந்தவள் நெனிதா. எவ்வளவு வடிவு என்று சொன்ன கையோடு பெருவிரலை நாக்கில் தொட்டு அவன் வயிற்றில் வைத்தாள். அவள் போன பிறகு நான் கிளாஸை எடுத்தேன். பொய்தான் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொன்னது என் வாய். வயிற்றில் கை வைத்தல்லவா சொன்னேன். இருபத்தொரு வருடமாக ஒவ்வொரு நுளம்புக்கடியிலும் அந்தச் சொல் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் பிரிஸ்பேனுக்குப் போய்ப் பல காலம். நத்தாருக்கு நெனிதா போன் எடுப்பாள், செப்டம்பரிலேயே. என் துப்பல்தான் ஜுன்ஜுன்னைக் காப்பாற்றியது என்று இன்றும் அங்கே எல்லோருக்கும் சொல்கிறாளாம். நாங்கள் நகரின் மறுபக்கத்தில் மாசி என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். அந்த யூனிட்டுகளை இடித்து மாடி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். டிரைவ்வே இருந்த இடத்தில் இப்போது யாருடையதோ வரவேற்பறை.

சனிக்கிழமை, பாதிச் சாப்பாட்டில் மகன் கிரிக்கெட்டுக்கு எழுந்தான். கார் பின்னே போகும் சத்தம் கேட்டது. நான் என் தட்டைத் திருப்பினேன். எதிரே என் கணவர், இரசாயனம் படித்தவர், பருப்பு எட்டவில்லை என்பதுபோலத் தன் தட்டையும் திருப்பிக்கொண்டார். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை.

இப்போது பிள்ளைகளின் படங்கள் போனில் வருகின்றன. எல்லோரும் அழகு என்று எழுதுகிறார்கள். நானும் எழுதுகிறேன், எழுதிவிட்டுப் பெருவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் இருக்கிறேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் துப்பல் கொஞ்சம் வேண்டும் என்று யாரும் இப்போது வருவதில்லை. வந்தால், சோற்றுக் கையோடேயே ஓடுவேன்.