தவிட்டுக்கு விற்ற ஹொரக் கன்று

ஒரு மரக்கன்றை நான் எதற்குத் தவிட்டுக்கு விற்றேன் என்று தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? அடுப்பில் சோறு வைத்தவர்கள் எழுந்து போங்கள். மற்றவர்கள் உட்காருங்கள், சொல்லித் தொலைக்கிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்குக் கீழே ஓடை. பெண்கள் குளிப்பது அங்கேதான். எதிர்க்கரையில் தெஹியோவிட்ட பஸ் போகும் ரோடு. இடையில் நின்ற காட்டு மரங்கள்தான் எங்களுக்குச் சுவர். ஒரு மழையில் அவை சாய்ந்துவிட்டன. அன்றிலிருந்து பஸ் அந்த இடத்தில் மெதுவாகப் போகிறது என்று இளசுகள் புலம்பினார்கள். கிழவி நான் குளிக்கும்போது மட்டும் வேகமாகத்தான் போனது.

காட்டு மரங்களை மறுபடி வளர்க்க ஒரு மிஸ் வந்தார். கரையில் ஹொர என்ற உயரமான காட்டு மரத்தின் கன்றுகளை நட்டார். சுற்றியுள்ள புல்லைத் தொடவேண்டாம் என்றார். நமக்கு வேலை வைக்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்து, தேயிலை மலை மாதிரி சுத்தமாகச் சுரண்டினோம். கன்றுகள் ஒவ்வொன்றாகக் கருகின.

கடைசிக் கன்றை மிஸ் என்னிடம் கொடுத்தார்.

"ஆச்சி, இதுவும் செத்தா இங்க தேயிலை போடச் சொல்லிட்டாரு தோட்டத்துத் தொர."

"தேயிலை என் இடுப்புக்குக்கூட வராதுங்களே மிஸ். அதுக்குப் பின்னால எதைங்க மறைக்கிறது?"

எங்களில் பிள்ளைகள் தங்காவிட்டால், அடுத்ததை ஒப்புக்குத் தவிட்டுக்கு விற்று, குப்பை என்று பேர் வைப்பார்கள். எமன் குப்பையை எட்டிப் பார்க்கமாட்டான். பிள்ளைக்கு ஆவது செடிக்கு ஆகாதா? லயத்தில் என் அறைக்கு அடுத்த காம்பராக்காரி ஒரு சிரட்டை தவிடு கொடுத்துக் கன்றை வாங்கினாள்.

"வாங்கிட்டேன். தண்ணி யாரு ஊத்துறது, அக்கா?"

"குப்பைக்கு யாருடி தண்ணி ஊத்துவா? பாக்காத மாதிரி போ."

புதருக்குள்ளேயே நட்டேன். ஒரு புல்லைக்கூடப் பிடுங்கவில்லை. குளிக்கப் போகும்போது, "இன்னும் இங்கதான் கெடக்கியா, சனியனே" என்று திட்டுவதோடு சரி.

ரெண்டு வருஷம் கழித்து மிஸ் வந்து புதரை விலக்கினார். கன்று அவர் தோளுக்கு நின்றது.

"என்ன ஆச்சி செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலைங்க."

"அதுதான் சரி. சின்ன ஹொரவுக்கு நெழல் வேணும். நீங்க சுரண்டாம விட்டதாலதான் பொழைச்சிருக்கு."

என் சோம்பேறித்தனத்தை ஊர் முன்னால் ஒருவர் மெச்சியது அதுதான் முதல் தடவை. கரையைக் காட்டுக்கே விட்டுவிடத் துரையும் சம்மதித்தார்.

அடுத்த காம்பராக்காரிக்கு மட்டும் பொறுக்கவில்லை.

"நெழல்தான் அதைக் காப்பாத்துச்சாமே, அக்கா. அப்ப என் தவிட்டைத் தா."

"அது என் கோழி வயித்துக்குள்ள போயி முட்டையா வந்து, அதையும் நான் தின்னாச்சு. தவிடு குடுக்காட்டி நான் அதைக் குப்பைன்னு விட்டிருப்பேனா? சுரண்டியே கொன்னிருப்பேன்."

அவள் யோசித்துக்கொண்டே போய்விட்டாள். மரம் இன்னும் தோள் உயரம்தானே, பஸ்ஸுக்கு என்ன செய்வது என்று லயத்துப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"குப்பை பெருசாகுற வரைக்கும் என்னைய ரோட்டுப் பக்கமா நிக்க வச்சுக் குளிங்க" என்றேன். "பஸ்ஸு பறந்துரும்."