காயக்கூடாத தொட்டி

பெரம்பலூர் பக்கம் சுற்றுலா போய்வந்தேன் என்று சொன்னால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நாங்கள் போனது ஒரு முழங்காலை மடக்குவதற்காக. 2007 பிப்ரவரியில் நானும் என் மனைவி மாலதியும் பூலாம்பாடிக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தோம். வெந்நீர்த் தொட்டி உள்ள வீடு ஒன்று கிடைத்தால் போதும், கால் சரியாகிவிடும் என்று எங்களைப் போல நம்பிக் கிளம்புகிறவர்கள் இருந்தால், பெட்டியைக் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மாலதி ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்கால் சில்லு உடைந்து, கம்பி போட்டுக் கட்டு. கட்டைப் பிரித்த பிறகு பார்த்தால் கால் பாதிகூட மடங்கவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் இடுப்பளவு உட்கார்ந்து மடக்கி நீட்டச் சொன்னார் டாக்டர். ஒரு மாதத்துக்குள் மடங்காவிட்டால் மூட்டு இறுகிவிடும், அப்புறம் மயக்க மருந்து கொடுத்து அவர்தான் மடக்க வேண்டும், அதற்கும் உத்தரவாதம் கிடையாது என்றார். ஜூனில் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று பள்ளியும் சொல்லிவிட்டது. மைதானத்தில் நிற்காத மாலதியை எனக்குக் கற்பனை செய்யத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

இந்த நேரத்தில்தான் மலேசியாவிலிருந்து என் கல்லூரி நண்பன் குணசேகரன் போன் செய்தான். பூலாம்பாடியில் மலேசியாப் பணத்தில் எழுந்த பெரிய வீடுகள் நிறைய உண்டு. அதில் இவனுடையதும் ஒன்று. மாடியில் ஹாட் டப் போட்டிருக்கிறானாம். அடியில் ஹீட்டர், பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சும் துளைகள், நாலு பேர் உட்காரலாம். "வீடு சும்மாதான்டா கிடக்கு. அஞ்சலை பாத்துக்கிறா. சாவி அவகிட்ட இருக்கு, எத்தன நாள் வேணா இரு" என்றான். அவன் அந்த வீட்டுக்கு வந்தே மூன்று வருடம் ஆகிறது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

எழும்பூரில் பகல் பன்னிரண்டே முக்கால் வண்டி. அரியலூரில் இறங்கும்போது ஐந்து மணி. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது என்பதால் இந்த வழி. கால் முடியாதவரைக் கூட்டிப் போகிறவர்கள் கவனியுங்கள்: எங்கள் வண்டி நின்ற பக்கத்திலிருந்து வெளியே வர மேம்பாலப் படி ஏற வேண்டியிருந்தது. மாலதி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக ஏறினாள். இறங்கும்போது ஒருவருடைய தகரப்பெட்டி முழங்காலில் இடித்தது. "ஒண்ணுமில்ல, வாங்க" என்றாள். ஒன்றுமில்லாமல் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

ஸ்டேஷன் வாசலில் அம்பாசிடர். டிரைவர் பெயர் பாஸ்கர். பூலாம்பாடிக்கு எழுநூறு ரூபாய் கேட்டார், பேரம் பேசாமல் ஏறிவிட்டோம். அரியலூரிலிருந்து பெரம்பலூர் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், அங்கிருந்து பூலாம்பாடி இன்னொரு முப்பது. முதல் பாதி முழுக்க சிமெண்ட் லாரிகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். சாலையோரப் புளியமரங்களெல்லாம் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தன.

"பூலாம்பாடில யாரு வூட்டுக்கு சார்?" என்றார் பாஸ்கர். சொன்னேன். "ஓ, மலேசியாக்காரரு வூடா. அந்தத் தெருவுல போன மழைக்கு ஒரு வூடு விடாம காய்ச்சலு. கை காலெல்லாம் முடக்கிப் போட்டுடுச்சு. எங்க மாமியாவும் அந்தத் தெருதான். இன்னமும் சுவரப் புடிச்சிக்கிட்டுதான் நடக்குறாங்க."

அந்தக் காய்ச்சல் சென்னையிலும் வந்ததுதான் என்று சொல்லிவிட்டு நான் தூங்கிப்போனேன்.

ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அஞ்சலைக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கேட்டைத் திறந்தபோது சாவியை விரல்களால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் திருப்பினாள். அவளுக்கும் அதே காய்ச்சல் வந்திருக்கிறது. காய்ச்சல் போய் மூன்று மாதமாகியும் கையை மூட முடியவில்லை. மாலதி தன் காலைக் காட்டினாள், அஞ்சலை தன் கையைக் காட்டினாள். பெண்கள் இருவரும் ஐந்தே நிமிடத்தில் பல வருடப் பழக்கம்போல் ஆகிவிட்டார்கள்.

மாடிக் கதவைத் திறந்ததும் நாற்றம். குளம் வற்றும்போது அடிக்குமே, அந்த நாற்றம். விளக்கைப் போட்டேன். தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. தண்ணீர் கரும்பச்சை. மேலே ஒரு பல்லி செத்து மிதந்தது. அதற்குக் கீழே கூத்தாடிப் புழுக்கள், ஆயிரக்கணக்கில், தலைகீழாகத் தொங்கித் துள்ளிக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு வலை கிடையாது. கொசுக்கள் எழுந்து என் முகத்தில் மோதின.

"என்னம்மா இது, இவ்வளவு தண்ணி?"

"நாந்தான் சார் ஊத்துனேன்" என்றாள் அஞ்சலை. குரலில் பெருமை இருந்தது. "ஒரு சாண் கொறையவுட்டதில்ல."

விவரம் கேட்டேன். தொட்டியைப் பதித்து, சுற்றிலும் மேடை கட்டி டைல்ஸ் ஒட்டியவர் ஆலத்தியூர்ப் பக்கத்து மேஸ்திரி. சிமெண்ட் ஆலைக் காலனியில் தண்ணீர்த் தொட்டி கட்டியே பழகியவர். வேலை முடிந்த அன்று ரொப்பச் சொல்லி, "நான் வந்து சொல்ற வரைக்கும் தண்ணி நிக்கணும். காஞ்சா வெடிச்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். புது சிமெண்ட்டுக்குத் தண்ணீர் கட்டி வைப்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேஸ்திரி அப்புறம் வரவேயில்லை. குணசேகரனும் போனில் அதையே சொல்லியிருக்கிறான். மோட்டார் போட்டால் கரண்டு பில் ஏறும் என்றும் சொல்லியிருக்கிறான். அதனால் அஞ்சலை தெருக்குழாயிலிருந்து குடத்தில் சுமந்து, மாடி ஏறி, மூன்று வருடமாக ஊற்றியிருக்கிறாள். விரல் மடங்காமல் போன பிறகு குடத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு குணசேகரன் மீது கோபம் வந்தது, பிறகு ஒன்றுமே வரவில்லை. நாங்கள் நம்பி வந்தது இந்தத் தண்ணீரைத்தான்.

மறுநாள் காலை வேலையை ஆரம்பித்தேன். புழுக்களின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, அடியிலிருந்த திருகு மூடியைக் கழற்றினேன். அஞ்சலை கதவருகில் நின்று பதறினாள். "எறக்காதீங்க சார். வெடிச்சா நான்தான் பதில் சொல்லணும்." வெடிக்காது என்றேன். அவள் முகம் தெளியவில்லை. சேறு அடைத்து அடைத்து, தண்ணீர் வடிந்து முடியப் பகல் ஒன்றாகிவிட்டது. அடியில் விரற்கடை உயரத்துக்குச் சேறு. வாரிக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு மாலை வரை தேய்த்தேன். மாலதி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "அந்த மூல, அந்த மூல" என்று விசில் இல்லாமலே வேலை வாங்கினாள். அன்றைக்கு அவள் சிரித்ததைப் பார்த்தேன். தொட்டி வெள்ளையாக இருந்தது. என்னால்கூட நம்ப முடியவில்லை.

வீட்டு டேங்க் தண்ணீர் பாதித் தொட்டிக்குத்தான் வந்தது. பாஸ்கருக்குப் போன் செய்ததில் டிராக்டர் டேங்கர் ஏற்பாடு செய்தார், முன்னூற்றைம்பது ரூபாய். மூன்றாம் நாள் காலை நிரப்பி ஹீட்டரைப் போட்டோம். மதியத்துக்குள் கை பொறுக்கும் சூடு வந்துவிட்டது. தண்ணீர் தெளிவாக, அடி தெரிய நின்றது. மாலதி நைட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். இறங்கும் முன் எதற்கும் பார்ப்போம் என்று தண்ணீர் பீய்ச்சும் பம்பை நான் போட்டேன்.

துளைகளிலிருந்து முதலில் குமிழி வந்தது. பிறகு கறுப்பாக, பால் ஆடை கிழிந்ததுபோல் துண்டு துண்டாக ஏதோ வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஐந்து நிமிடத்தில் தொட்டி முழுவதும் கறுப்பு. அதே குளத்து நாற்றம், இப்போது சூடாக.

வடித்தேன். பிளீச்சிங் கரைத்து ஊற்றிப் பம்பை ஓட்டினேன், மறுபடி வடித்தேன். இரண்டாவது டேங்கர். சாயங்காலம் பம்பைப் போட்டால் மறுபடி கறுப்பு. சென்னையில் இந்த மாதிரித் தொட்டி விற்கிற கடைக்குப் போன் செய்தேன். "உள்ள பைப்பு வளைவெல்லாம் புடிச்சிருக்கும் சார். மூணு வருசம் நின்ன தண்ணின்னா பைப்பையே மாத்தணும். புண்ணு கிண்ணு இருக்கறவங்க மட்டும் எறங்கிடவே கூடாது" என்றார் அந்தப் பையன்.

மாலதியின் முழங்காலைப் பார்த்தேன். அரியலூர்ப் படியில் பெட்டி இடித்த இடத்தில், ஆறியிருந்த தையல் ஓரத்தில் பொருக்கு பெயர்ந்து சிவப்பாக ஈரம் தெரிந்தது. மூன்று நாளாக என்னிடம் சொல்லவில்லை.

"பிளாஸ்திரி ஒட்டிக்கிறேன். பம்பு போடாம எறங்குறேன்" என்றாள்.

"உள்ள இருக்கிறதெல்லாம் ஏற்கெனவே தண்ணியில வந்தாச்சு மாலதி."

"வந்தா வரட்டும்! ஜூன்ல நீங்களா போயி நிப்பீங்க கிரவுண்டுல?"

நான் குனிந்து மூடியைக் கழற்றினேன். தண்ணீர் இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். வாளியில் சுடுதண்ணீர் வைத்துத் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தோம். அதற்குச் சென்னையிலேயே இருந்திருக்கலாம்.

நான்காம் நாள் காலை கிளம்பும்போது அஞ்சலை கேட்டாள்: "சார், தொட்டி காயுதுங்களே. தண்ணி ஊத்தட்டுங்களா?"

அவளைத் தொட்டியருகில் கூட்டிப் போய் விரலால் தட்டிக் காட்டினேன். டொக் டொக் என்றது. "இது சிமெண்ட் இல்லம்மா. பைபர். பிளாஸ்டிக் மாதிரி. பத்து வருசம் காஞ்சாலும் ஒண்ணும் ஆவாது. சுத்தியிருக்கிற சிமெண்ட் என்னிக்கோ எறுகிடுச்சு."

அவளும் தட்டிப் பார்த்தாள், மடங்காத விரலின் பக்கவாட்டால். "அப்ப இத்தன வருசமும்?" என்றாள்.

மாலதிதான் மீதியையும் சொன்னாள், அவள் எதையும் நேராகச் சொல்கிறவள். "காய்ச்சல் கொசுவாலதான் வந்துச்சு அஞ்சலை. கொசு தேங்குன தண்ணியிலதான் பொறக்கும்."

"அது தெரியும் டீச்சர். அப்ப சுகாதாரத்துலேந்து வந்தாங்களே, தெருவுல எல்லாக் குடத்தையும் கவுத்துட்டுப் போனாங்க. எங்கூட்டுக் குடத்த நானே கவுத்துட்டேன். மாடிக்கு மட்டும் யாரையும் விடல. மொதலாளி விடக்கூடாதுன்னாரு." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். தொட்டியைப் பார்த்தாள், பிறகு ஜன்னலை. ஜன்னலுக்கு வெளியே தெரு தெரிந்தது, எதிர் வீட்டு வாசலில் ஒருவர் கைத்தடியோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. "இருக்காது டீச்சர்" என்றாள். "மொதலாளிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குறேன்."

எனக்குப் பயமாக இருந்தது. அவள் பார்க்காதபோது அந்தத் திருகு மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மூடி இல்லாவிட்டால் தண்ணீர் நிற்காது அல்லவா.

திரும்பும்போது பாஸ்கரே வந்தார். அரியலூர் ஸ்டேஷனில் மாலதி மேம்பாலம் ஏற மாட்டேன் என்று தண்டவாளத்தைக் கடக்கப் பார்த்தாள். அதைச் செய்யாதீர்கள். முன்கூட்டியே ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்னால் ஆள் வைத்து உதவுகிறார்கள், எங்களுக்குச் செய்தார்கள்.

இனி போகிறவர்களுக்கு. தொட்டி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கடைசியாக அதில் யார், எப்போது இறங்கினார்கள் என்று கேளுங்கள். தண்ணீர் தெளிவாக இருந்தாலும் பம்பைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்காமல் இறங்காதீர்கள். உடம்பில் ஊசி முனை அளவு புண் இருந்தாலும் வேண்டாம். ஊரில் பூட்டிய வீடு வைத்திருப்பவர்கள் தொட்டியை வடித்து, காயவிட்டு, ஜன்னலுக்கு வலை அடியுங்கள். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு முன்பு என்ன சொன்னோம் என்று நினைத்துப் பார்த்து, அது இப்போதும் வேண்டுமா என்று ஒரு போன் செய்யுங்கள்.

வந்த அன்றே குணசேகரனுக்கு எல்லாவற்றையும் விளக்கி ஒரு நீண்ட மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. அடுத்த வாரம் மாலதிக்கு மயக்க மருந்து கொடுத்துக் காலை மடக்கப் போகிறார்கள். உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் மறுபடியும் சொன்னார்.

இந்தப் பதிவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது குணசேகரன் போன் செய்தான். மெயிலைப் பார்க்க நேரமில்லையாம்.

"என்னடா, தொட்டி மூடியக் கையோட எடுத்துட்டுப் போயிட்டியாமே? அஞ்சலை போன் பண்ணி அழுதா. நான் வேற மூடி அனுப்ப நாளாகும்னு சொன்னேன். பரவால்ல, ஓட்டையில துணிய அடச்சு ரொப்பிட்டாளாம். அந்தக் கைய வெச்சுக்கிட்டு ரெண்டு நாளா சுமந்திருக்கா. அந்த மாதிரி ஆளு கெடைக்க மாட்டாங்கடா."