அபூதாஹிரின் இரண்டு பலகைகள்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அபூதாஹிர் வீடு வந்து சேருமுன்பே பூனைகள் வந்துவிடும். அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, அலுமாரிக்குப் பின்னாலிருந்து இரண்டு நீளப் பலகைகளை இழுத்தெடுத்துக் கதிரைகளின் மேல் கிடத்துவார். முனை மேல்நோக்கி வளைந்த பலகைகள். ஆளைவிட ஒரு முழம் உயரம். பழந்துணியில் சுறா எண்ணெய் தொட்டு நுனியிலிருந்து அடிவரை ஒரே இழுவை. பிறகு நடுவிலுள்ள கால்கட்டு இரும்பை ஊதித் துடைப்பார். கடைசியாக பிஸ்கற் டின்னிலிருந்து ஒரு நீலக் கம்பளி நூலை எடுத்து, இரும்பின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை பிடித்துப் பார்ப்பார். சரி என்று தனக்குத்தானே தலையாட்டி, நூலை மறுபடி டின்னுக்குள் வைப்பார்.

“பனியில சறுக்கிற பலகைக்கு மெழுகுதான் பூசுறதாம். நிலாவெளி ஹோட்டல்ல நிண்ட வெள்ளைக்காரன் சொன்னவனாம்” என்பாள் மனைவி ஜெமீலா, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி.

“வள்ளத்துக்கு ஒத்துவாற எண்ணெய் இதுக்கு மட்டும் ஒத்துவராதோ? மரம் மரந்தானே.”

“வள்ளம் கடலில நிக்குது. இது என்ட தலைமாட்டில நிக்குது.”

திருகோணமலைத் துறையில் நங்கூரமிடும் கப்பல்களுக்கு மரக்கறியும் ஆட்டிறைச்சியும் ஏற்றிப்போகும் வள்ளக்காரர் அவர். அறுபத்தாறில் தேயிலை ஏற்ற வந்த நோர்வேக் கப்பலின் இன்ஜினியர் ஒருவர், அறையில் இடமில்லையென்று பலகைகளை அவரிடம் கொடுத்து, அடுத்தமுறை வந்து எடுப்பதாகச் சொல்லிப் போனார். அது அமானிதம், நம்பிக் கொடுத்த பொருள். விற்க ஏலாது, இரவல் கொடுக்க ஏலாது, பூனை நக்கவும் விட ஏலாது.

பனி என்று அபூதாஹிர் கண்டது மீன்பெட்டிக்குள் போடும் ஐஸ்தான். ஆனாலும் பனிமலை பற்றி அவரிடம் வாய் கொடுத்து மீண்டவர் இல்லை. நிலாவெளிக்கு வரும் உல்லாசப் பயணிகள் விட்டுப்போகும் படப்புத்தகங்களையெல்லாம் சேர்த்து வைத்திருந்தார். ஜெற்றியடியில் ஹிஸ்புல்லாவின் தேத்தண்ணிக் கடையில் அவற்றை விரித்து, எந்த மலைக்குப் போகலாம், எந்த மலைக்குப் போகக்கூடாது என்று தீர்ப்புச் சொல்வார்.

“மலையின்ட உச்சியைப் பாத்து மயங்கக்கூடாது. இறங்கி முடியிற இடத்தைப் பாக்கோணும். இந்தா, இதில மரம் நிக்குது, வேண்டாம். இதில மேல ஏத்துறதுக்குக் கம்பியில கதிரை தொங்குது, கீழ தேத்தண்ணிக் கடையும் இருக்கு. இதுதான் மலை.”

“சறுக்கி வாறவன் கடைக்குள்ளயே வந்திட்டா?” என்று கேட்பார் ஹிஸ்புல்லா.

“வந்தா உனக்கு யாவாரம்தானே!”

இந்த ராச்சியத்துக்குள் எழுபத்தெட்டில் சோமசேகரம் புகுந்தார். துறைமுகத்துத் தச்சர். ஜேர்மன்காரி ஒருத்தி விட்டுப்போன சஞ்சிகையில், ஒரே பலகையில் இரண்டு காலையும் வைத்து ஒரு பையன் மலையிறங்கும் படத்தைக் கண்டுவிட்டார். கண்டதோடு நிற்கவில்லை. பெட்டிப்பலகை சீவி அதேபோல ஒன்று செய்து, கடைக்குக் கொண்டுவந்து சாத்தினார்.

“நானா, உங்கட சாமான் பழசு. வழியில ஒரு மரம் வந்தா ஒரு கால் அங்கால போகும், மற்றக் கால் இங்கால போகும். மனிசன் நடுவில.”

“ரெண்டு காலையும் சேத்துக் கட்டுறது குழிக்குள்ள போற மையத்துக்கு, தம்பி. விளையாட்டுக்கில்லை.”

கடை இரண்டாகப் பிரிந்தது. கதை முற்றி, சறுக்கிக் காட்டினால்தான் நம்புவோம் என்ற இடத்துக்கு வந்தது. அமானிதத்தில் கால் வைக்கலாமா என்று அபூதாஹிர் இரண்டு வெள்ளிக்கிழமை யோசித்தார். பாவிக்காமல் கிடக்கும் மரம் உளுத்துப்போகும், ஒருதரம் ஏறி நிற்பதும் பராமரிப்புத்தான் என்று தனக்கே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். இனி மலை தெரிவு செய்ய வேண்டும். கோணேசர் மலை ஆகாது, இறங்கினால் கடல். ஊருக்குள் இருக்கும் ஓர்ஸ்ஹில் ஏற்றமும் ஆகாது, இறங்கினால் பஸ். கடைசியில் புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணல்மேடு தேறியது. தேத்தண்ணிக்கு ஹிஸ்புல்லாவே போத்தலோடு வருவதாகச் சொன்னார்.

ஒரு பௌர்ணமிப் போயா லீவில் லொறியொன்றில் எல்லோரும் போனார்கள். பலகைகளோடு இரண்டு பூனைகளும் போய்ச் சேர்ந்தன. எப்போது ஏறின என்று ஒருவருக்கும் தெரியாது. முதலில் சோமசேகரம். மூன்று ஆள் நீளத் தூரம் படத்தில் உள்ளபடியே வந்தார். பிறகு பலகை நின்றது, அவர் நிற்கவில்லை. வாயிலும் காதிலும் கறுப்பு மணலோடு எழும்பி, “தொடக்கம் நல்லாத்தானே இருந்தது?” என்று கேட்டார்.

எல்லோரும் மேட்டுச்சியைப் பார்த்தார்கள். அபூதாஹிர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கன்வஸ் சப்பாத்தோடு பலகைகளில் ஏறி நின்றார். அந்த நிமிஷத்தில் அவர் சறுக்கியிருந்தால் பன்னிரண்டு வருஷக் கதை முழுவதும் மெய்யாகியிருக்கும். ஆனால் கால்கட்டு இரும்புக்குள் அவருடைய பாதம் மூன்று விரற்கடை தள்ளாடியது.

சோமசேகரம் மணலைத் துப்பிக்கொண்டே ஸ்குறூ திருப்பியோடு மேட்டில் ஏறினார். “இதை ரெண்டு திருகு திருகினா இரும்பு உங்கட காலுக்கு வந்திடும், நானா. போட்டி போட்டிதான். தாங்கோ, நானே செய்து தாறன்.”

அபூதாஹிர் ஸ்குறூ திருப்பியை வாங்கினார். குனிந்தார். வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஏலாது தம்பி. அளவு பிழைச்சிடும்.”

“பன்னிரண்டு வருஷமா வராதவன்ர காலுக்கு என்ன அளவு?”

அபூதாஹிர் பலகைகளைக் கழற்றி, மணலைத் தட்டி, தோளில் வைத்துக்கொண்டு மணலில் கால் புதையப் புதைய நடந்தே இறங்கினார். பின்னால் பூனைகள் இறங்கின.

அன்றிலிருந்து அவருக்குப் ‘பலகைப் பயந்தாங்கொள்ளி’ என்று பெயர். ஹிஸ்புல்லா கடையில் படப்புத்தகம் விரிவதில்லை. வெள்ளிக்கிழமை எண்ணெய் மட்டும் தவறவில்லை.

தபால் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்ற கனகரத்தினம் சொல்லித்தான் மிச்சம் தெரியவந்தது. மணல்மேட்டுப் போட்டிக்கு வெகு முன்பே அபூதாஹிருக்கு வந்த இங்கிலிஷ் கடிதத்தை வாசித்துக் காட்டியவர் அவர். எழுபத்திரண்டிலேயே இன்ஜினியர் இறந்துவிட்டார். அந்தப் பலகைகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மகன் எழுதியிருந்தான். அபூதாஹிர் சொல்லச் சொல்ல கனகரத்தினம் எழுதிய பதில் ஒரே வரி: “மகன், உங்கள் காலின் அளவை அனுப்பவும்.” மூன்று மாதம் கழித்து நோர்வே முத்திரை ஒட்டிய உறையொன்று வந்தது. அதற்குள் கடிதம் இல்லை. ஒரு நீலக் கம்பளி நூல் மட்டும் இருந்தது.